முதுகுக்குப் பின்னால் வந்த மழை

சில வருடங்களுக்கு முன்பு, விநாயகர் சதுர்த்தி முடிந்த மூன்றாம் நாள் மாலை, பட்டினப்பாக்கம் கடற்கரையில் நடந்தது இது. வீட்டுக் களிமண் பிள்ளையாரைக் கரைக்க மயிலாப்பூரிலிருந்து நான், என் கணவர், மாமனார் மூவரும் போயிருந்தோம். மாமனாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. இருந்தாலும் பிள்ளையாரைத் தானேதான் ஏந்திக்கொண்டு தண்ணீரில் இறங்குவார்.

எனக்கு வானம் பார்க்கும் பைத்தியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டும் ஒரு குழுவில் சேர்ந்த பிறகு தொற்றிக்கொண்டது. வெட்டவெளியில் மழையில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மேகம் எப்படி வளர்கிறது என்றெல்லாம் கவனிக்கப் பழகினேன். வீட்டில் அதற்கு மரியாதை கிடையாது. நாத்தனார் நிச்சயதார்த்தத்தன்று மழை கொட்டும் என்று அடித்துச் சொல்லி, மொட்டைமாடிப் பந்தலைக் கழற்ற வைத்து, கடைசியில் ஒரு சொட்டுகூட விழாமல் என் மானம் போனது. அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தாலே, "வானிலை அறிக்கை ஆரம்பிச்சாச்சு" என்பார் கணவர்.

அன்றும் கடல் பக்கம் வானம் பளிச்சென்றுதான் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மழை என்றால் கடலிலிருந்து வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்துப் பழகிய கண். ஆவணி மழை பெரும்பாலும் ஊருக்குள்ளிருந்து, முதுகுக்குப் பின்னால் வரும். கடற்கரைக்குப் போய் யார் கட்டடங்களைப் பார்த்து நிற்கிறார்கள்?

மாமனார் முழங்கால் தண்ணீரில் நின்றார். கணவர் அவர் தோளைப் பிடித்திருந்தார். சுற்றிலும் நிறைய குடும்பங்கள், குழந்தைகள், மேளச் சத்தம். திடீரென்று கடல் காற்று நின்றுபோனது. ஒரே புழுக்கம். திரும்பிப் பார்த்தேன். மந்தைவெளிப் பக்கம் கருநீல மேகம் ஒன்று எழும்பி, அதன் தலை எங்களுக்கு மேலேயே பரவிவிட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊர்ப் பக்கமிருந்து சில்லென்ற காற்று மணலை வாரிக்கொண்டு கடலை நோக்கி அடித்தது. மேளத்துக்கு நடுவே ஓர் உறுமலும் கேட்டது. இடி காதில் விழுந்துவிட்டால் மின்னலும் நம்மை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

"அப்பா, இடி இடிக்கறது. சீக்கிரம் மேல வந்துடுங்கோ!" என்றேன்.

மாமனார் திரும்பவே இல்லை. "சமுத்திரம் இவ்வளவு பளிச்சுனு இருக்கு, இடியாவது! மூணு முழுக்குப் போடாம பிள்ளையாரைத் திருப்பி ஆத்துக்கு எடுத்துண்டு போறதாவது?" என்றார். கணவர் சிரித்தார்.

இதுவும் பொய்த்துப்போனால் ஊர் முன்னால் அவமானம். ஆனால் தண்ணீரில் நிற்பவர்கள் என் மனிதர்கள். தொண்டை கிழிய, "எல்லாரும் வெளியே வாங்கோ!" என்று கத்தினேன். சிலர் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவரும் நகரவில்லை.

பின்னால் கடையில் மீன் பொரித்துக்கொண்டிருந்த பெண் அடுப்பை விட்டுவிட்டு வந்தார். "இன்னாம்மா ஆச்சு?"

"மின்னல் விழப் போறது. தண்ணியில நிக்கக் கூடாது. யாரும் கேக்க மாட்டேங்கறா..."

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அவ்வளவுதான். புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "யோவ் பெரியவரே, மேல ஏறுய்யா! புள்ளைங்கள இட்டுக்கினு அந்த பில்டிங்குக்கு ஓடுங்க! இடி வுழப் போவுது, இன்னா வேடிக்கை பாத்துக்கினு கீறீங்க!"

அந்தக் குரலுக்கு மேளமே நின்றது. அந்தப் பெண் மாமனாரின் கையைப் பிடித்து இழுத்துவந்தார். அவர் திகைத்துப்போய், பிள்ளையாரை மார்போடு அணைத்தபடி கரையேறினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஏறினார்கள்.

எதிரிலிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நாங்கள் நுழைந்ததும் கண்ணைப் பறிக்கும் வெளிச்சமும் வெடிச்சத்தமும் ஒன்றாக வந்தன. அலையோரம் கொடி கட்டி நட்டிருந்த மூங்கில் கம்பம் பிளந்து புகைந்தது. சற்று முன் குழந்தைகள் அதைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். மாமனார் பிள்ளையாரை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் பிள்ளையாரை வீட்டிலேயே ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தோம்.

அடுத்த வாரம் பழங்கள் வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். "என் வீட்டு மனுஷாளே நம்பலை. நீங்க எப்படி நம்பினீங்க? வானத்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு வானத்தப் பத்தி இன்னா தெரியும்? நாள் பூரா அடுப்பாண்ட குனிஞ்சிக்கினு கீறேன். உன் மூஞ்சியப் பாத்தேன், அவ்ளோதான்" என்றார். மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். "என் வூட்டுக்காரரு கடல்ல போட்டுல நிக்கசொல்ல இடி வுழுந்துதான் பூட்டாரு. அன்னிக்கு வந்துடுன்னு கத்தறதுக்கு ஆள் இல்லம்மா."

அங்கேயே அழுதுவிட்டேன்.

நான் சொல்லும் மழை இப்போதும் பாதி நாள் வருவதில்லை, வீட்டில் சிரிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் வானம் கறுத்துக் காற்று திசை மாறினால், பக்கத்தில் நிற்பவர் தெரிந்தவரோ தெரியாதவரோ, கூச்சப்படாமல் கத்திவிடுகிறேன், கூப்பிட ஆளில்லாமல் போன அந்த மனிதரை நினைத்துக்கொண்டு.