நீலம் குடித்த தக்காளிச் செடிகள்

துணிக்குப் போடும் நீலத்தைப் பயிர் மருந்தென்று சொல்லி என் மனைவியை ஏமாற்றினேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்... எனக்கே இன்னமும் சிரிப்பு வருகிறது!

எழுபதுகளின் கடைசி. கல்யாணமான பிறகு வந்த முதல் தை. சாலவாக்கத்தில் எங்கள் கொல்லையில் அஞ்சலை தக்காளி வைத்திருந்தாள். முதல் பழம் தன் தாய்வீட்டுக்கு என்று சொல்லியனுப்பியும் விட்டாள். பனி கொட்டியதில் இலையெல்லாம் கரும்புள்ளி. பூசண நோய், மயில்துத்தத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கலந்து தெளியுங்கள் என்றார் பயிருக்கு யோசனை சொல்ல வரும் கிராம சேவக்.

வாங்கிவர உத்திரமேரூர் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சடுகுடுப் பந்தயம் கண்ணில் பட்டுவிட்டதே! எங்கள் ஊர் ஜெயித்து முடிப்பதற்குள் கடையைச் சாத்திவிட்டார்கள்.

வெறுங்கையோடு அவள் முகத்தில் எப்படி விழிப்பது? பொங்கலுக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பு மிச்சமிருந்தது. அதில் நீலத்தைக் கலக்கினேன். அடடா, மயில்துத்தம் தோற்றுப்போகும் நிறம்!

அஞ்சலை தினமும் விடிந்ததும் புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி அடுப்பில் போட்டாள். பிறகு என் மருந்தைப் பக்தியோடு தெளித்தாள். மாசியில் பனி விலகியது. செடிகள் பிழைத்துக் கொத்துக் கொத்தாய்க் காய்த்தன! பிழைக்க வைத்தவை அவள் விரல்கள். பேர் வாங்கியவன் நான்.

"எல்லாம் எங்க வூட்டுக்காரரு வாங்கியாந்த மருந்து" என்று தெருவெல்லாம் சொன்னாள். அந்தப் பூரிப்பைப் பார்த்திருந்தால் நீங்கள் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா?

ஆனால்... பக்கத்து வீட்டுக் கண்ணம்மா அக்காவும் அந்தத் தையிலேயே மருந்து கேட்டிருந்தாள். கொடுத்தேன்! மருந்துதான் இருக்கிறதே என்று அவள் இலை கிள்ளவில்லை. அவள் தக்காளியில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை.

"இன்னா பண்றது, எங்கையி ராசி அப்பிடி கீது" என்றாள். அஞ்சலை ஒரு முறம் பழம் கொடுத்துத் தேற்றினாள். நான் வாய் திறக்கவில்லை. கோழை!

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் நாற்றோடு என்னைக் கூப்பிடுகிறாள் அக்கா. "ராசியான கையிப்பா உனுக்கு. நீயே நட்டுக் குடு."

நட்டுக் கொடுக்கிறேன். பனிக்காலம் முழுக்க, அவள் எழுந்திருக்கும் முன்பே போய்ப் புள்ளி இலைகளைக் கிள்ளிவிட்டு வருகிறேன். அதனால் கடன் தீரும் என்று பார்த்தால்... காய்த்துக் குலுங்கும் செடிகளைக் காட்டி, அதற்கும் என் கைராசியைத்தான் புகழ்கிறாள்!