ஒற்றைப் பலகைக் கதவு

பிளேடு உடைந்த அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. 'தானே' புயல் அடித்து ஓய்ந்த சில வாரங்களில், அண்ணாகிராமத்துப் பக்கம் என் அத்தை வீட்டுத் தோட்டத்தில் கேட்ட சத்தம். அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா போய்ச் சேர்ந்து வெகு நாளாகியிருந்தது, பிள்ளை குட்டி கிடையாது. வாசல் கதவைப் பிய்த்துக்கொண்டு போனது போதாதென்று, மாமா வைத்து வளர்த்த பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போயிருந்தது அந்தப் பாழாய்ப்போன புயல்.

வாசலில் கோணியைத் தொங்கவிட்டிருந்த அத்தை என்னிடம் கேட்டது ஒன்றுதான். "இந்த மரத்துல ஒரே பலகையா அறுத்துக் கதவு போடணும்னு உங்க மாமா சொல்லிக்கிட்டே இருப்பாரு. நீ அறுத்துக் குடுடா."

நானும் என் மச்சானும் அப்போது சின்னதாக ஓர் அறுவை மிஷின் வைத்திருந்தோம். டிராக்டரில் இழுத்துப் போய், மரம் கிடக்கிற இடத்திலேயே அறுக்கலாம். பெரிய மர அறுவை மில்களில், புயலில் விழுந்த மரங்கள் ஏற்கெனவே மலையாகக் குவிந்து கிடந்தன. அத்தை வீட்டுச் சந்துக்குள் கிரேனும் வராது. ஆனால் எங்கள் மிஷினின் வாய்க்கு அந்த மரம் அடங்கவில்லை. "ரெண்டா பொளந்துட்டா வேலை முடிஞ்சுது மச்சான்" என்றான் அவன். பிளந்தால் ஒற்றைப் பலகை எங்கிருந்து வரும்? திட்டிக்கொண்டேதான் செயின் ரம்பத்தை எடுத்தேன். இரண்டு பக்கமும் செதுக்கிச் செதுக்கி, நடுப்பாகம் மிஷினுக்குள் நுழைகிற அளவுக்குக் கொண்டுவந்தோம்.

எங்கள் பக்கம் காய்க்காத பலாவுக்கு ஆணி அடிப்பார்கள். அதனால் முதலிலேயே கேட்டிருந்தேன். "ஒண்ணே ஒண்ணு அடிச்சாரு. அடுத்த வருஷமே காய்ச்சிடுச்சு" என்று அத்தை இடத்தைக் காட்டினார். அந்தத் துண்டை அறுத்துத் தள்ளிவிட்டுத்தான் மிஷினை ஓட்டினோம். மஞ்சள் பலகை பாதி தூரம் அழகாக வந்தது. அப்போதுதான் படீரென்று பிளேடு தெறித்தது.

கோடாலியால் கொத்திப் பார்த்தோம். வைரம் பாய்ந்த கட்டைக்குள் ஆணி. சுற்றிலும் மரம் கறுத்திருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதற்கும் வெளியே இன்னொன்று, மரம் பருக்கப் பருக்க அடித்த மாதிரி. கொத்தக் கொத்த வந்துகொண்டே இருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தினேன்: "காய்ச்ச மரத்துக்கு எவனாவது ஆணி அடிப்பானா?"

அத்தை அப்படியே மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் அந்தக் கறுப்பையே தடவிக்கொண்டிருந்தார்.

"மரத்துக்கு அடிச்சது இல்லடா இது. ஒரு ஆணியில மரம் காய்ச்சுதுல்ல? அந்த நம்பிக்கையில எனக்குத் தெரியாம வருஷா வருஷம் அடிச்சிருக்காரு, எங்களுக்கும் ஒண்ணு பொறக்காதான்னு."

பிள்ளை இல்லாதது ஒரு குறையா என்று விசேஷ வீடுகளில் எல்லாரையும் சிரித்துச் சமாளித்த மனுஷன் எங்கள் மாமா. மச்சான் கோடாலியைக் கீழே வைத்தான்.

"வேற பிளேடு வாங்கியாறேன் அத்தை, எப்படியாவது கதவு போட்டுடலாம்" என்றேன்.

"கதவு கெடக்குது போ" என்றார் அத்தை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் சேந்து அழுதிருப்போமேடா."