பாத்திமேல் போட்ட கூடாரம்

நாந்தோங்கோவின் அத்தைக்கு வாய் சும்மா இருக்காது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போனவள், "எங்க பொண்ணுக்குத் தண்ணி வாரிய ஆபீஸ்ல வேலை" என்று அளந்துவிட்டு வந்துவிட்டாள். வாரியம் சரிதான், ஆபீஸ் எங்கே வந்தது? கம்பாலா நகரத்துச் சாக்கடைக் கசடை மணல் பாத்தியில் பரப்பி, தண்ணீர் அடியில் வடிந்து, மிச்சம் வெயிலில் காய்ந்து வெடித்ததும், மணல் கிளம்பாமல் பாளம் பாளமாகச் சுரண்டி எடுப்பவள் நாந்தோங்கோ.

மாப்பிள்ளை லுபேகா, அந்தப் பாளங்களை மசாகா பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்கு எருவாக ஏற்றிப்போகும் லாரிக்காரன். காதல் பிறந்ததே அந்தப் பாத்தியோரம்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் அம்மா நமுதேபிக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடுமே என்றுதான் இவள் அத்தையின் புளுகைத் திருத்தாமல் விட்டுவைத்தாள்.

சனிக்கிழமை பெண் வீட்டில் அறிமுகச் சடங்கு, மாப்பிள்ளை வீட்டார் சீரோடு வந்து பெண் கேட்கும் நாள். வியாழனே வாடகைக் கூடாரங்கள் வெள்ளை வெளேரென்று வாசலில் வந்து இறங்கின. அன்று மதியம் பார்த்து வானம் கறுத்தது. பாத்தியோ மறுநாள் அள்ள வேண்டியது. ஒரு மழை விழுந்தால் மறுபடி கூழ்தான், இத்தனை நாள் வெயிலும் வீண். மழைக்குப் பாத்தியை மூடும் படுதா வேறு போன காற்றில் கிழிந்து கிடந்தது. பாத்தியோரம் நின்ற நாந்தோங்கோ போனை எடுத்தாள்.

"லுபேகா, எங்க வாசல்ல கூடாரத் துணி கிடக்கு. சட்டுனு ஏத்திட்டு வா."

"அடிப் பாவி! அது நம்ம சடங்குக்குடி!"

"சடங்கு சனிக்கிழமை. மழை இப்ப!"

பாத்தி பிழைத்தது. கூடாரத்தைத்தான் சோப்பு போட்டுத் தேய்த்தார்கள், அலசினார்கள், காயப்போட்டார்கள். ஊஹூம், வாசம் போனால்தானே!

சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் நீள அங்கியும் சீர்க்கூடையுமாக வந்து உட்கார்ந்தார்கள். வெயில் ஏற ஏற வாசமும் ஏறியது. பெண் வீட்டுக்காகப் பேச வந்த பேச்சாளர் சடங்கு வழக்கப்படி வம்புக்கு இழுத்தார்: "வந்தவங்க கால் கழுவலையோ?" எல்லாரும் சிரித்தார்கள், நமுதேபியைத் தவிர. அவள் கூடாரத் துணியை இழுத்து முகர்ந்து பார்த்தாள்.

அத்தை பதறிப்போய், "பக்கத்து வீட்டுப் பன்னிங்க..." என்று ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு மண்டியிட்டு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த நாந்தோங்கோவுக்குப் பொறுக்கவில்லை. "பன்னி இல்லம்மா, என் பாத்தி. நான் ஆபீஸ்காரி இல்ல, கசடு காயவைக்கிறவ. மழை வந்துச்சு, இந்தத் துணியைப் போட்டு மூடினேன்."

லுபேகா அம்மாவைச் சமாதானப்படுத்த எழுந்தான்.

"நனையாம காப்பாத்திட்டியா?" என்றாள் நமுதேபி.

"எதைம்மா?"

"பாத்தியைத்தான்!"

"காப்பாத்திட்டேன். கையில எடுத்தா மொறுமொறுன்னு ஒடியுது."

"அப்பாடா!" நமுதேபி கையைத் தட்டினாள். "இவன் கொண்டாந்து கொட்டுற எருவுலதான் என் காப்பியே காய்க்குது. முன்னெல்லாம் எவனோ ஈரத்தோட அள்ளிவிடுவான், லாரியில பாதி தண்ணிதான் வரும். இப்பக் கொஞ்ச நாளா நல்லா வருதே, எந்த மகராசன் கையோன்னு நினைச்சேன். நீதானா அது!"

பிறகு தன் கூட்டத்தைப் பார்த்து அதட்டினாள்: "என்னடா வேடிக்கை? கூடையை எல்லாம் சீக்கிரம் இறக்குங்க, பொண்ணு மனசு மாறுறதுக்குள்ள!"