பதிவேட்டில் என் கல்யாண நாள்

நீல மையில் வலப்பக்கம் சாய்ந்து ஓடும் அந்தக் கையெழுத்தை இன்று பார்த்தாலும் என் மாமனாருடையது என்று சொல்லிவிடுவேன். பேத்தமங்களா ஏரியில் மதகு பார்க்கும் வேலை அவருக்கு. தங்கச் சுரங்க ஊரான தங்க வயலுக்குக் குடிநீர் எத்தனை மணி நேரம் போனது, உழவர்களின் வாய்க்காலுக்கு எத்தனை மணி நேரம் போனது என்று நாள் தவறாமல் பதிவேட்டில் எழுதுவார். தங்க வயலில் எங்கள் வீடிருந்த மாரிகுப்பத்திலிருந்து சைக்கிளில் கிளம்பும்போது சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள் இருக்கும். ஒன்று வழியில் எழுதாமல் போய்விட்டால் என்ற பயம்.

நான் மருமகளாக வந்த கோடையில் ஏரி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. கல்யாணம் முடிந்து சில வாரங்களில், தங்கள் முறைக்கான வாய்க்கால் தண்ணீர் சரியாக வரவில்லை என்று உழவர்கள் முறையிட, மேலதிகாரி விசாரிக்க வந்தார். பதிவேட்டை மாமாவே வாசித்தார். ஒரு தேதியில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, அதையும் வாசித்தாராம்: "இன்று உழவர் முறை. வாய்க்காலை மூடித் தண்ணீரை ஊருக்குத் திருப்பியது நான். காரணம், என் மகன் கல்யாணம்."

அந்த முறையை நம்பியிருந்த வாய்க்கால் கடைசியிலிருந்த வயலின் நாற்றங்கால் காய்ந்துபோயிருந்தது. மாமாவை மதகிலிருந்து எடுத்து வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

"யாரு பாத்தாங்க? எழுதாம வுட்டிருந்தா இன்னா?" என்று மாமியார் அழுதார்.

"தண்ணியத் திருப்பிட்டேன். எழுத்தையும் திருப்பச் சொல்றியா?" என்றார் மாமா.

சமையலறையில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பந்தியில் அத்தனை பேரும் கை கழுவியது அந்தத் தண்ணீரில்தானே.

மழை பெய்து ஏரி நிறைந்ததும் மாமா லீவு போட்டுவிட்டு அந்த வயலில் நடவுக்குப் போனார். "நானும் வரேன் மாமா" என்றேன். மறுக்கவில்லை. இன்று பெங்களூருக்கு ரயிலில் போய்வரும் என் மகளுக்கு அந்த ஏரி ஒரு பெயர்தான். எனக்கோ, முழங்கால் வரை ஏறிய அந்தச் சேற்றின் குளிர்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

வயலின் சொந்தக்காரம்மா மாமாவோடு பேசவே இல்லை. என்னை மட்டும் மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாணப் பொண்ணு நீதானா?"

தலையாட்டினேன். ஒரு நாற்றுக்கட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"நாத்து கொஞ்சந்தான் இருக்கு. நெருக்கி நடாதே. எட்டி எட்டி நடு" என்றார்.