பச்சைமலை இறக்கம்

எங்கள் மகள் மூளைக்காய்ச்சலில் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. மூன்று வயசு. எண்பதுகளின் தொடக்கம் அது. பெரம்பலூர் அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் நடந்தவரைக்கும் பகலை எப்படியோ தள்ளிவிட்டேன். முழுப் பரீட்சை முடிந்து பெரிய லீவு விட்டதும் நானும் என் மனைவியும் நாள் முழுக்க அந்தச் சின்ன வீட்டுக்குள் கிடந்தோம். "சாப்பிடுறீங்களா", "தண்ணி வந்துருச்சு" என்பதற்கு மேல் அவள் வாய் திறப்பதில்லை. அழுவதும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் காபியைக் கொண்டுவந்து வைத்தவள், "மலைக்குப் போவமா?" என்றாள்.

"எந்த மலைக்கு?"

"பச்சைமலைக்குதான். சைக்கிள்ல."

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மேற்கே அந்த மலை தெரியும். மாடியில் வைத்து, மலையைக் காட்டித்தான் பாப்பாவுக்கு இவள் சோறு ஊட்டுவாள். "பெரிய லீவு வரட்டும், அப்பா உன்னய சைக்கிள்ல அங்க கூட்டிட்டுப் போவாரு" என்று சொல்லிச் சொல்லி ஊட்டுவாள். "சரி, போவோம்" என்றேன்.

அவள் அரியலூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் வகுப்புக்குச் சைக்கிளில் போய்வந்தவள். அவளுக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் வாடகைக்கு எடுத்து வந்தேன். என் சைக்கிள் பாரில் பாப்பாவுக்காக மாட்டிய குட்டி சீட் அப்படியே இருந்தது. கழற்ற மனசில்லாமல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தேன். கிளம்பும்போது அவள் அந்தத் துண்டை எடுத்து உதறி, மடித்து, என் தோளில் போட்டாள்.

"இப்படியே வாங்க" என்றாள்.

விடியும்போது கிளம்பி, வெயில் ஏறுமுன் லாடபுரம் தாண்டிவிட்டோம். அதற்கப்புறம் மலைமேல் இருக்கிற ஊர்களுக்குப் போகும் காட்டுப் பாதை. மண்ணும் சரளையும்தான். கொஞ்ச தூரம் மிதிப்போம், மூச்சு முட்டும், இறங்கித் தள்ளுவோம். ஒவ்வொரு வளைவிலும் பின்சக்கரம் சரளையில் சறுக்கும். அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தாள். நான் பலமுறை நின்றேன். அவள் நிற்கவே இல்லை. பாதியில் மூங்கில் புதர்கள் வந்தன. காற்றில் சூடு குறைந்தது. கீழே ஏரிகள் காய்ந்து வெள்ளைத் திட்டுகளாகத் தெரிந்தன. எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று கைகாட்டினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சிப்பொழுதுக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். மரவள்ளிக் கொல்லை ஓரத்தில் ஒரு குடிசை. வாசலில் ஒரு அம்மா பலாப்பழம் பிளந்துகொண்டிருந்தார். தண்ணீர் கேட்டோம். சொம்பு நிறையக் கொடுத்துவிட்டு, பொம்பளை சைக்கிளில் மலை ஏறி வந்ததை அதிசயமாகப் பார்த்தார். அப்புறம் என் சைக்கிளைப் பார்த்தார்.

"சின்ன சீட்டு போட்டிருக்கீங்களே. புள்ள எங்க?"

என் மனைவி சொன்னாள்: "எங்கம்மா வூட்ல இருக்கா. வெயிலு, அதான் கூட்டிட்டு வரல."

"பொம்பளப்புள்ளயா? என்ன வயசு?"

"மூணு. ரொம்ப வாலு."

அந்த அம்மா சிரித்தார். எங்களுக்குத் தின்னக் கொடுத்ததுபோக, நல்ல சுளைகளாகப் பொறுக்கி இலையில் கட்டி நாரால் முடிந்தார். "இது பாப்பாவுக்கு. நீங்க வழியில தின்னுடாதீங்க" என்று என் மனைவியின் கையில் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்தப் பொட்டலத்தை நான் பையில் வைத்துக்கொண்டேன்.

இறங்கும்போது அவள் முன்னால் போனாள். முதல் வளைவில் பிரேக் பிடித்தாள். இரண்டாவதில் பிடிக்கவில்லை. சைக்கிள் கல்லில் எகிறி எகிறிப் போனது. "பிரேக்கப் புடி! அடியே, பிரேக்கப் புடி!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓட்டினேன். ஒரு பக்கம் பள்ளம். அவள் திரும்பவில்லை. முந்தானை அவிழ்ந்து பறந்தது. அவள் தெரிந்துதான் இப்படிப் போகிறாள், இதற்காகத்தான் மலைக்கு வந்தாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்போது முன்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. திருவிழா ராட்டினத்தில் கீழே வரும்போது கத்துவார்களே, அந்த மாதிரி ஒரு கூச்சல். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடிவாரத்தில் பாதை சமமாகிற இடத்தில் அவள் சைக்கிள் கீழே கிடந்தது. அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போய்க் கையைக் காலைப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அழுதுகொண்டிருந்தாள். மூன்று மாதத்து அழுகை.

"மறந்துட்டேங்க" என்றாள். "இறங்கி வரயில ஒரு நிமிஷம் அவள சுத்தமா மறந்துட்டேன். சந்தோசமா இருந்துச்சு. நான்லாம் ஒரு தாயா?"

நான் தோளைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டாள்.

"காய்ச்சல் வந்த அன்னிக்கு சாயங்காலமே திருச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவலாம்னு சொன்னேன். நீங்கதான் காலைல பாத்துக்கலாம்னீங்க."

இந்த வார்த்தைக்காகத்தான் மூன்று மாதமாகக் காத்திருந்தேன். "ஆமா" என்றேன். "நான்தான் சொன்னேன்."

அதற்கு மேல் எனக்கும் தாங்கவில்லை. ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். ரொம்ப நேரம் கழித்து அவள் என் பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தாள். நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஒரு சுளையை என்னிடம் நீட்டினாள். மற்றதையெல்லாம் அவளே, அழுதுகொண்டே, ஒவ்வொன்றாகத் தின்றாள்.

மறுநாள் அரியலூருக்குப் பஸ் ஏறினாள். "எப்ப வருவ?" என்று கேட்டதற்கு, "தெரியலங்க" என்றாள். அவள் மேல் குற்றமில்லை. என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாயங்காலம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். பள்ளிக்கூடம் திறந்தது. சமைக்கத் தெரியாமல் மோரும் சோறுமாகத் தின்றேன். தினமும் வேலை விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அரியலூர் பஸ்கள் வருவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவேன். ஒருநாள் அவள் இறங்கினாள். பையை என்னிடம் கொடுத்தாள்.

"இளைச்சுட்டீங்க" என்றாள்.

மறுவருஷம் பையன் பிறந்தான். அவன் உடம்பு லேசாகச் சுட்டால் போதும், எந்த நேரமானாலும் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் கிளம்பிவிடுவோம். "வெறும் சளிதான் சார்" என்று டாக்டர்கள் சிரிப்பார்கள். நாங்கள் சிரித்ததில்லை. என்னை மன்னித்தாளா என்று இதுவரை நான் கேட்கவில்லை. மலையடிவாரத்தில் சொன்ன அந்த வார்த்தையை அவளும் அதற்கப்புறம் ஒருநாளும் சொல்லவில்லை.