கேட்டில் கழற்றிய பட்டை

பணியாளர் நல அலுவலர் என்பவர், முதலாளி நேரில் கேட்கக் கூசுவதைத் தொழிலாளியிடம் கேட்பதற்கும், தொழிலாளி திருப்பிச் சொல்வதை நாகரிகமாக மாற்றி முதலாளியிடம் சேர்ப்பதற்கும் சம்பளம் வாங்குகிறவர். சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்று, சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் நான் செய்துவருவது இதைத்தான். உங்கள் மணிக்கட்டிலும் நடையை எண்ணி, நாடியைப் பிடித்து, உறக்கத்தை ஒட்டுக்கேட்கும் பட்டை ஒன்று இருக்கக்கூடும். அதை உங்கள் நிறுவனமே அன்பளிப்பாகத் தந்திருந்தால் நீங்களும் என் இனம். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

பரிசு வந்த நாள்

எங்கள் சின்ன முதலாளி சென்னையில் நிர்வாகப் படிப்பை முடித்துவிட்டு வந்தவர். நல்லவர், அவசரக்காரர். தொழிலாளர் அனைவருக்கும் ஆளுக்கொரு உடல்நலப் பட்டை வாங்கினார். கேட்டில் ஒரு சிறு பெட்டியும் பொருத்தப்பட்டது. பட்டைகள் அதன் அருகே வந்தால், அவற்றில் பதிந்தவை எல்லாம் என் மேசைக் கணினிக்கு வந்துசேரும். யார் களைத்திருக்கிறார், யாருக்கு நெஞ்சு படபடக்கிறது என்று பார்த்து ஓய்வு கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம். எண்ணத்தில் பிழையில்லை, இடத்தில்தான் பிழை. பட்டாசு ஆலைக்குள் கைப்பேசி, இரும்புக் கொண்டையூசி, கொலுசு எதுவும் போகக்கூடாது. ஒரு பொறி போதும். பட்டாசுக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை இதை மறந்துவிட்டது.

முதல் நாள் காலை வாட்ச்மேன் கருப்பசாமி அண்ணன் கூடையை நீட்டினார். பெண்கள் பட்டையைக் கழற்றி, சரம் பின்னும் நூலில் அடையாளத்துக்கு ஆளுக்கொரு விதமாக முடிச்சுப் போட்டு, கூடைக்குள் இட்டுவிட்டு உள்ளே போனார்கள். அன்று பகல் முழுவதும் என் திரையில் ஆலை மொத்தமும் நாடியின்றிக் கிடந்தது. பதறிப்போய் வெடிமருந்து அறைப் பக்கம் ஓடிய சின்ன முதலாளியையும் கருப்பசாமி அண்ணன் மறித்தார்: “உள்ள மருந்து இருக்கு தம்பி. ஒங்க கையில கெடக்கதையும் கழத்திப் போட்டுட்டுப் போங்க.”

வேன் ஏறியதும் விழித்துக்கொள்வது

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். வேலை நேரத்தில் பட்டை கூடையில் கிடக்கிறது. வேலை முடிந்து வேன் ஏறும்போது கையில் ஏறுகிறது. ஆக, அந்தப் பெண்களின் உழைப்பைப் பற்றிக் கம்பெனிக்கு எதுவும் தெரியாது. உழைப்பு தவிர்த்த அனைத்தும் தெரியும். யார் எப்போது உறங்கினார், யார் விடியுமுன் எழுந்தார், ஞாயிற்றுக்கிழமை யாருடைய இதயம் எதற்காகவோ வேகமாக அடித்துக்கொண்டது என்பதெல்லாம் என் மேசைக்கு வந்தது. இது தகாது என்று எடுத்துச் சொன்னேன். “பழகிடும் மேடம்” என்றார் சின்ன முதலாளி.

பழகிக்கொண்டவர் மேலாளர்தான். ஒருநாள் காலை, என் திரையைப் பார்த்துவிட்டு வந்து, கேட்டில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும், புதிதாக மணமான சுமதியிடம், “என்னம்மா, ராத்திரி தூக்கமே இல்ல போலயே?” என்று கேட்டுச் சிரித்தார். அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள். பின்னால் நின்றிருந்தவர் ராக்கம்மாள்; பேக்கிங் பகுதியில் அவர் வைத்ததுதான் சட்டம். சாப்பாட்டுத் தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “ஒங்க வீட்டம்மாவுக்கும் ஒண்ணு கட்டிவிடுங்க சார். நாங்களும் பாத்துட்டு ஒரு வார்த்த கேப்பம்ல.”

மேலாளரின் மதியம்

அலுவலகம் கேட்டை ஒட்டி, ஆபத்துப் பகுதிக்கு வெளியே இருப்பதால், வேலை நேரத்திலும் பட்டை கட்டியிருந்தவர்கள் நாங்கள் சிலர்தாம். சாப்பாட்டுக்குப் பின் கணக்குப் பார்ப்பதற்காக மேலாளர் கதவைச் சாத்திக்கொள்வது வழக்கம். என் திரை அதை ‘ஆழ்ந்த உறக்கம்’ என்றது. என் தோளுக்குப் பின்னால் நின்று சின்ன முதலாளி அதைப் படித்துவிட்டார். விசாரணை முடிந்து வெளியே வந்த மேலாளர், பட்டையைக் கழற்றி டிராயரில் எறிந்துவிட்டு என்னிடம் சீறினார்: “நான் எப்பக் கண்ணசந்தா ஒங்களுக்கு என்ன மேடம்? அது என் சொந்த விசயம்.”

காய்ச்சலில் நடந்தவர்

மாரியம்மாள் சரம் பின்னுகிறவர். அவர் கூலியில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. ஒரு வியாழக்கிழமை காய்ச்சல் என்று லீவு சொன்னார். பீஸ் கூலிதான் என்பதால் வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. கம்பெனிக்கு நட்டமும் கிடையாது. ஆனால் மறுநாள் காலை கூடையில் விழுந்த அவர் பட்டை, முந்தைய பகல் முழுவதும் நடந்ததாகச் சொன்னது. எங்கே நடந்தது என்று அதற்குத் தெரியாது. அது ஒன்றுதான் அதன் நற்குணம். மேலாளர் பிடித்துக்கொண்டார். “சீசன் நேரத்துல பொய் லீவு. எங்க போனன்னு நாளைக்குக் காலையில வந்து சொல்லு. இல்லைன்னா வேற கம்பெனி பாத்துக்க” என்று மாரியம்மாளிடம் சொல்லிவிட்டார்.

“உங்கள் உறக்கம் சொந்த விஷயம் என்றால், அவருடைய நடை யாருடைய விஷயம்?” என்று மேலாளரிடம் கேட்டேன். “அது வேற, இது வேற” என்றார். தர்க்கத்தில் தோற்றவர்கள் அனைவரும் தங்கும் சத்திரம் அது. மாரியம்மாளைத் தனியே அழைத்து, ஆஸ்பத்திரிக்குப் போனதாகச் சொல்லிவிடலாமே என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். “காச்சல்னு ஒரு பொய் சொன்னதே போதும். எங்க போனேன்னு என் வீட்டுக்காரர்கிட்டயே சொல்லல மேடம், இந்த ரப்பர் வாருக்கா சொல்லப் போறேன்? வேல போனாப் போகுது.”

கூடை சொன்ன சாட்சி

சனிக்கிழமை காலை கேட்டில் சின்ன முதலாளியும் மேலாளரும் நின்றார்கள். வேன் வந்தது, பட்டைகள் கூடையில் விழுந்தன. மாரியம்மாளின் பட்டையை எடுத்துக் காட்டுவதற்காக மேலாளர் கூடைக்குள் கையை விட்டார். துழாவினார். ஒன்றிலும் நூல் இல்லை. எல்லாம் ஒரே கறுப்பு. கணினி ஓர் எண்ணை மாரியம்மாளுடையது என்று சொல்லும். அந்த எண் எந்த மாலையில் யார் கையில் ஏறியது என்பது கூடைக்குத்தான் வெளிச்சம்.

“போகும்போது கைக்கு அகப்பட்டத எடுத்துட்டுப் போவோம் சார். இதென்ன செருப்பா, அளவு பாக்க?” என்று ராக்கம்மாள் தொடங்கினார். “புதன்கிழம மாரி பட்டை என் வீட்டுக்கு வந்துருக்கும். மறுநா என் வீட்டுக்காரரு அதக் கட்டிக்கிட்டு வெம்பக்கோட்டைக்கு ஆடு பாக்கப் போனாரு.”

“இல்லக்கா, அது எங்க வீட்டுக்கு வந்தது” என்றாள் சுமதி. இந்த முறை தலை நிமிர்ந்திருந்தது. “எங்க மாமியார்தான் அதப் போட்டுக்கிட்டுச் சாத்தூரெல்லாம் சுத்துனாக.”

குட்டு வெளிப்பட்டிருந்தால் மாரியம்மாளோடு சேர்த்து இருவர் வேலையும் போயிருக்கும். இரண்டு பொய்கள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டே மூன்றாமவரைத் தாங்கி நின்றதை நான் அன்றுதான் கண்டேன். எழுந்து நின்று வணங்கியிருப்பேன், ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன்.

மேலாளர் வாட்ச்மேனிடம் திரும்பி, “நூலு கட்டியிருந்துச்சுல்ல?” என்றார். “நூலா? எந்த நூலு சார்?” என்றார் கருப்பசாமி அண்ணன். அவர் சட்டைப்பையிலிருந்து பச்சை நூல் ஒன்று எட்டிப் பார்த்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். நல அலுவலரின் கடமைகளில் அதுவும் ஒன்று.

“இதுல எது யாரோடது மேடம்?” என்று சின்ன முதலாளி என்னைக் கேட்டார். “சொல்ல முடியாது” என்றேன். முடியாது என்பதற்கும் மாட்டேன் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். கூடையைத் தாமே தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தார். பட்டைகள் திரும்பி வரவில்லை. மாரியம்மாள் வழக்கம்போலச் செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, தன் ஷெட்டுக்குப் போனார்.

மாலையில் வேன் ஏறுமுன் என்னிடம் வந்தார். வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, வேறு யாருக்கும் கேட்காதபடி சொன்னார்: “எங்க போனேன்னு நீங்க ஒரு தடவகூடக் கேக்கல. அதுக்காகச் சொல்றேன் மேடம். காச்சல் இல்ல.” அது அவர் ஏற்கெனவே சொன்னதுதான்; அதோடு வேன் ஏறிவிட்டார்.

தொழிலாளியின் உடல்நலத்தில் உண்மையான அக்கறை கொண்ட நிறுவனங்கள், அவர் நாடி எப்படி இருக்கிறது என்று அறிய அவரையே பெயர் சொல்லிக் கேட்டால் போதும். எங்கள் பக்கத்தில் பதில் உடனே வரும், கொஞ்சம் காரமாக வரும், அவர் சொல்ல விரும்பிய அளவுக்கு மட்டுமே வரும்.