ஜிங்க் கட்டிமேல் பூசிய நீலம்

தேவனாம்பட்டினத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. இஞ்சினைக் குளிப்பாட்டுகிறவள். எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்களுக்கு வாய் இருந்த மாதிரி எனக்கும் இருந்தது, கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போயிருந்தார். நாலு நாள், ஐந்து நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற பெரிய படகு. ஆழத்தில் இருந்தவர்களுக்கு அலை வந்ததே தெரியவில்லை. கரையில் நான் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கடலை விட்டுத் தள்ளி டவுனுக்குள் இருக்கிற செம்மண்டலம் பக்கம் ஓடினேன். மறுநாள் சாயங்காலம் அவரைக் கண்ணால் பார்க்கிறவரைக்கும் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். பார்த்ததும் அழவில்லை, கோபம்தான் வந்தது. "கஞ்சியோ கூழோ குடிச்சிக்கலாம். இனிமே காலையில போனா அன்னிக்கே திரும்பணும். தங்கல் படகு வேணாம்" என்றேன். அவர் அதிகம் பேசாத மனிதர். தலையை ஆட்டினார்.

அன்றன்றைக்குத் திரும்ப வேண்டுமென்றால் சொந்தமாகச் சின்னப் படகு வேண்டும். 2005இல் நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் இரண்டு குடும்பத்துக்கு ஒரு ஃபைபர் படகும், பின்னால் மாட்டுகிற இஞ்சின் ஒன்றும் கொடுத்தார்கள். எங்களுக்குக் கூட்டு, என் வீட்டுக்காரரின் தாய்மாமன். ஒருமுறைதான் கொடுப்போம், கெட்டுப்போனால் இன்னொன்று கிடையாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்த இஞ்சின் செத்தால் இவர் மறுபடி தங்கல் படகுக்குத்தான் போயாக வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் கணக்கு.

இஞ்சினைப் பராமரிப்பது எப்படி என்று ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். ஆண்களுக்கு மட்டும். அவர்கள் பிரியாணிப் பொட்டலம் எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ கொடுக்கப் போன நான்தான் ஓரமாக நின்று கேட்டேன். சொல்லிக்கொடுத்தவர் இரண்டே விஷயம் சொன்னார். கரைக்கு வந்ததும் இஞ்சினின் கால், அதாவது கடல் தண்ணீருக்குள் இறங்குகிற அடிப்பகுதி, அதை நல்ல தண்ணீர் டிரம்மில் முக்கி, பத்து நிமிஷம் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே உப்பு கட்டிக்கொள்ளும். காலில் புரொப்பெல்லருக்கு மேலே சின்னதாக ஒரு ஜிங்க் கட்டி இருக்கிறது. உப்புத் தண்ணீர் அதை முதலில் தின்னும், அது கரைகிறவரைக்கும் இஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. கரைந்தால் மாற்றுங்கள், அதன்மேல் பெயிண்ட் மட்டும் அடிக்காதீர்கள் என்றார். அதற்குள் பிரியாணி வந்துவிட்டது.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அலைக்குப் பிறகு எங்கள் கிணறெல்லாம் உப்பு. லாரித் தண்ணீர், வீட்டுக்கு நாலு குடம். அதில் ஒன்றை இஞ்சினுக்கு ஊற்றினால் ஊரே அடிக்க வரும், வந்தால் நியாயமும்கூட. நான் செம்மண்டலத்தில் மீன் விற்கிறவள். அங்கே ஒரு வீட்டில் போர் தண்ணீர் தித்திப்பாக இருக்கும். அந்த வீட்டம்மாவிடம் கேட்டேன். நெத்திலி கொஞ்சம் கூடப் போடச் சொல்லிவிட்டு, வேண்டிய மட்டும் பிடித்துக்கொள் என்றார்கள். கூடை காலியானதும் இரண்டு கேன் நிரப்பி டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவேன்.

"மீன் கூடையே நாத்தம். இதுல தண்ணி கேன் வேறயா? எறங்கும்மா" என்றார் கண்டக்டர்.

"நாத்தத்துக்கு டிக்கெட் வாங்கினீங்க இல்ல? தண்ணி நாறாது, சும்மா வரட்டும்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

டிரம் நிறைய அவ்வளவு தண்ணீரை அன்றாடம் தூக்க முடியாது. ஒருமுறை நிரப்பினால் மூன்று நாள் ஓட்டுவேன். நாக்கில் வைத்துப் பார்த்து உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மாற்றுவேன். எங்கள் ஊரில் இஞ்சினைக் கடற்கரையில் விட்டுவைக்க மாட்டார்கள். தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அது என் வாசலில்தான் இறங்கும். "குடிக்கத் தண்ணியக் காணோம், இவ இஞ்சினுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுறா" என்று பக்கத்து வீடுகளில் சிரித்தார்கள். நான் பாட்டுக்கு வேலையைப் பார்த்தேன்.

எங்கள் கடற்கரைக்கு மாசி மகத்தன்று சுற்றுப்பட்டு சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். நெல்லிக்குப்பத்திலிருந்து டிராக்டர் டிராக்டராக ஜனம் வந்து இறங்கும். அத்தனை பேர் பார்க்க, படகு அழுக்காக நிற்கலாமா? அதனால் மாசி பிறந்ததும் எல்லாரும் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிவிடுவார்கள். 2007 மாசியில் நான் சிதம்பரத்தில் இருந்தேன். அங்கே என் அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், கூட இருக்க ஆளில்லை. பத்து நாள் கழித்து வந்து பார்த்தால், மாமா படகுக்கு அடித்த நீலம் மிச்சமிருக்கிறதென்று இஞ்சினுக்கும் அடித்து வைத்திருக்கிறார். தலை முதல் கால்வரை. ஜிங்க் கட்டியில் மட்டும் இரண்டு கோட்டிங்.

"அதான் மொதல்ல அரிக்குது. அத்த நல்லா மூடிட்டா அரிக்காது இல்ல?" என்றார் பெருமையாக.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஜிங்க்கை மூடினால் உப்பு பட்டினி கிடக்குமா, அடுத்ததைத் தின்னும் என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லிக்கொண்டே கத்தியை எடுத்தேன். மாமா எகிறிவிட்டார். "சந்தனம் குங்குமம் வச்சு, சாமிக்கு முன்னாடி கற்பூரம் காட்டுன பொருளு. அத்தப் பொம்பள சொரண்டுறதா? கடலு சும்மா வுடாது" என்றார். என் வீட்டுக்காரர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அன்றைக்கு அடங்கிப் போனேன். அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் உண்டு.

சித்திரை முடிவதற்குள் காலில் அங்கங்கே நீலம் கொப்பளித்தது. நகத்தால் கிள்ளினால் உள்ளே வெள்ளை மாவு. காலின் அலுமினியம் உளுத்த கட்டை மாதிரி குழி குழியாகிப் போயிருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. மீன் செதில் சீவுகிற கத்தியை எடுத்து உட்கார்ந்து ஜிங்க் கட்டியைச் சுரண்டினேன். உள்ளே அது பெயிண்ட் அடித்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பக்கத்திலிருந்த காலில் ஓட்டை விழுவது ஒன்றுதான் பாக்கி, சாக வேண்டியது மட்டும் சாகாமல் குந்தியிருந்தது.

மாமா வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம் பேசினார். "சொல்லியும் கை வச்சுட்டா. இனி ஒத்து வராது மாப்ள. பாகம் பிரிச்சுக்கலாம். படகு எனக்கு, இஞ்சின் உனக்கு."

இவர் முகம் வெளுத்துவிட்டது. படகில்லாத இஞ்சினை வைத்துக்கொண்டு என்ன செய்ய? துறைமுகத்தில் தங்கல் படகுக்காரன் எப்போதடா ஆள் வரும் என்று காத்திருக்கிறான். எனக்கும் பயம்தான். அதைக் காட்டினால் அன்றோடு போச்சு.

"சரி மாமா, பிரிச்சுக்கலாம்" என்றேன். "கடல்ல இஞ்சின் உங்களுது. என் வாசல்ல எறக்கி வச்சா என் ஊட்டுச் சாமான், எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான் வச்சுப்பேன். இஞ்சின நாங்க எடுத்துக்கறோம். நீங்க படகு எடுத்துக்குங்க. கூடவே துடுப்பும் எடுத்துக்குங்க."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. விறுவிறுவென்று போய்விட்டார். இரண்டு நாள் படகு மணலில் கிடந்தது. என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. நான் இரண்டு நாளும் செம்மண்டலம் போய் வியாபாரியிடம் மீன் வாங்கி விற்றுவிட்டு, தண்ணீர் கேனோடுதான் திரும்பினேன். மூன்றாம் நாள் விடிகாலையில் மாமா வந்து குரல் கொடுத்தார்.

"மாப்ள, இஞ்சினத் தூக்கியா. நெத்திலி பட்டிருக்குதாம்."

இவர் இஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த மாசியில் படகு மட்டும் நீலமானது.

ஜிங்க் கட்டி வருஷத்துக்கு ஒன்று கரைந்தது. சுற்றுலாப் படகுகளுக்கு இஞ்சின் சாமான் விற்கிற கடை சிதம்பரத்தில் ஒன்று இருந்ததால், அக்காவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கரைந்ததை முந்தானையில் முடிந்துகொண்டு போவேன். முதல்முறை கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஆம்பளைங்க யாரும் வரலியா?" என்றார். "கரைஞ்சது இதான், ஆம்பள இல்ல. இதே அளவுல ஒண்ணு குடுங்க" என்றேன். கொடுத்தார்.

எங்களோடு சேர்த்துக் கொடுத்த இஞ்சின்கள் மூன்று நாலு வருஷத்தில் ஒவ்வொன்றாக நின்றுபோயின. உப்பு அடைத்துச் சூடேறி இறுகினது, கால் ஓட்டையானது என்று எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அந்தந்த வீட்டுப் பிள்ளைகள் தங்கல் படகில் ஏறினார்கள். எங்களுடையது 2011 கடைசியில் அடித்த புயலையும் தாண்டி ஓடியது. 2012 ஆடியில், நடுவழியில் பிஸ்டன் உடைந்து செத்தது. அது உப்பால் அல்ல, வயதால். இவரும் மாமாவும் செகண்ட் ஹேண்டில் இன்னொன்று பார்க்கப் புதுச்சேரி போயிருந்தார்கள்.

அன்றைக்கு மீன் ஏலம் போடுகிற இடத்தில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்து, "இன்னா, அவ்ளோ குளிப்பாட்டி இன்னாத்துக்கு? கடைசியில அதுவும்தான் போயிடுச்சு" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

கூடையைக் கீழே இறக்கி வைத்தேன். "போயிடுச்சு. ஏழு வருசம் எங்க ஊட்டுக்காரரு பகல் சோறு எங்கூட குந்தித் தின்னாரு. உம்புள்ள எப்ப வரான்?" என்றேன்.

அவர் பையன் ஏறிய படகு போய் ஆறு நாளாகியிருந்தது. அவர் எழுந்து கடல் பக்கம் போய் நின்றார்.